லிஷாவின் நெஞ்சில் இருப்பது இதயக் கருவி அல்ல

எறணாகுளம்
9 ஜூலை 2014, புதன்

அன்புள்ள எபின் மோனுக்கு,

உன்னைப் பெற்ற அம்மச்சி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பாதி நலம் என்று வைத்துக்கொள். மீதிப் பாதிக்காக மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அயர்லாந்தில், கால்வேயில் உனக்குச் சளி விட்டிருக்கும் என்று நம்புகிறேன். மழை இங்கே பதினைந்து நாளாக ஓயவில்லை. அப்பச்சனுக்கு முழங்கால் வலி. வெளியே போய்ப் பயிற்சி எடுங்கள் என்றால், வீட்டிலேயே பெண்டாட்டி டாக்டராக இருக்கும்போது எதுக்கு அலையணும் என்கிறார். நான் மூளை டாக்டர் என்றேன். "முழங்காலுக்கும் அங்கேருந்துதானே கம்பி போகுது, அதுல எதையாவது முறுக்கிவிடு" என்கிறார். சிரித்தேன். இந்த மாதத்தில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டாய், சித்தி மகள் லிஷா ஏன் எந்த மெசேஜுக்கும் பதில் போடுவதில்லை என்று. குழந்தை பிறந்த வீடு, நேரம் இருக்காது என்றேன். அது பொய். போனில் எனக்குப் பொய் எளிதாக வந்துவிடுகிறது. ஓ.பி.யில் உட்கார்ந்து பழகிய குரல் அது, நோயாளியின் மகனிடம் பேசுகிற குரல். அதனால்தான் எழுதுகிறேன். இதை ஓர் இடத்தில் உட்கார்ந்து, வாசித்து முடித்துவிட்டு, பிறகு என்னைத் திட்டு.

ஜூன் 17ஆம் தேதி லிஷாவுக்குக் குறைமாதத்தில் பிரசவம் ஆனது. சிசேரியன். பெண் குழந்தை, இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, இன்குபேட்டரில் வைத்தார்கள். இவ்வளவும் உனக்குத் தெரியும். ஏழாம் மாதமே அவளை நம் வீட்டுக்குக் கூட்டி வந்திருக்க வேண்டும், அதுவும் தெரியும். ஏன் வரவில்லை தெரியுமா. அவள் மாப்பிள்ளை ஜோபினின் அம்மா மறியக்குட்டி ஒத்துக்கொள்ளவில்லை. ஹார்ட்டில் மெஷின் வைத்த பெண், மலைப்பாதையில் மூணு மணி நேரம் காரில் குலுங்கக் கூடாது, மழை விட்டு அனுப்புகிறோம் என்று நாளைத் தள்ளி வைத்தார்கள். அக்கறையில்தான். அப்படி அனுப்பக் குறித்த நாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வலி வந்தது. அவர்கள் ஊரிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. உள்ளே கொண்டுபோகும்போது ஜோபின் டாக்டர்களிடம் மூன்று முறை சொன்னானாம், நெஞ்சில் இதயக் கருவி இருக்கிறது, பார்த்துச் செய்யுங்கள் என்று. லிஷா மேஜையில் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். வாயைத் திறக்கவில்லை.

இதயக் கருவி வைத்தவருக்கு அறுவை செய்யும்போது அதன் மேல் ஒரு காந்தத்தை ஒட்டி வைப்பார்கள். அது முறை. மயக்க மருந்து கொடுத்த டாக்டர் அதைத்தான் செய்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் அவள் நெஞ்சில் இருப்பது இதயத்துக்கானது இல்லை. அந்தப் பெட்டியிலிருந்து கழுத்து வழியே மேலே ஏறி, காதின் பின்னால் சுற்றி, மண்டைக்குள் இறங்கும் இரண்டு கம்பிகள். நாங்கள் வைத்தவை. அந்த மாடலுக்குக் காந்தம்தான் சுவிட்சு. ஒருமுறை வைத்தால் நின்றுவிடும். எடுத்தாலும் தானாக ஓடாது. நின்றது யாருக்கும் தெரியவில்லை. சத்தம் கிடையாது, வெளிச்சம் கிடையாது. ஓடுகிறதா என்று பார்க்க அவளுக்கென்று ஒரு கைக்கருவி கொடுத்திருந்தோம். கல்யாணமான நாளிலிருந்து அது உன் குஞ்ஞம்மா சித்தியின் அலமாரியில், சேலைகளுக்கு அடியில். மாப்பிள்ளை வீட்டில் யாராவது பார்த்துவிட்டால் என்று. ரத்தத்தை நிறுத்துவதற்கு வைக்கும் மின்கத்தியையும் அன்று பயன்படுத்தியிருக்கிறார்கள். கம்பி வழியாக மூளைக்குள் சூடு ஏறியிருக்கலாம். ஏறவில்லை.

பதினோரு நாள் கழித்து, ஜூன் 28 சனிக்கிழமை, குஞ்ஞம்மா அழைத்தாள். லிஷா மறுபடியும் கழுவ ஆரம்பித்துவிட்டாள் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுபடியும் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். பத்தொன்பது வயதிலிருந்து இருபத்திரண்டு வரை அவள் எப்படி இருந்தாள் என்று நீ பார்த்திருக்கிறாய். குளியலறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு நீ பாடப் புத்தகம் வாசிப்பாய், உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்பது வகை மருந்து. ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் என் மேஜைக்கு வந்தாள். சொந்த ரத்தம் என்பதால் நான் கத்தி எடுக்கவில்லை. என் ஜூனியர் மாதவ் வாரியர் செய்தான், நான் தலைமாட்டில் நின்றேன். விழித்த நிலையில்தான் செய்வோம். மூன்றாவது புள்ளியில் மின்சாரம் வைத்தபோது அவள் சிரித்தாள். பேரம்மா, யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கு என்றாள். எனக்கு இருபத்திரண்டு வருட வேலை இது. நடுக்கம் நின்று சொந்தக் கையெழுத்தைப் பார்த்து அழுத சப்-ரிஜிஸ்ட்ரார், இல்லாத காலின் வலி போய் முதல்முறை எட்டு மணி நேரம் தூங்கிய லாரி டிரைவர், எத்தனையோ பேர். ஆனால் அந்தச் சிரிப்பைத்தான் நான் ஊர் ஊராகக் கொண்டுபோனேன். மாநாடுகளில் படம் போட்டுக் காட்டினேன், பெயர் இல்லாமல், இருபத்திரண்டு வயதுப் பெண் என்று. மனநோய் மூளையின் நோய்தான், மறைக்க வேண்டியது இல்லை என்று முடிப்பேன். கை தட்டுவார்கள்.

அதே நான்தான் மனசம்மத நிச்சயத்துக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரித் தாளில் ஒரு சான்று எழுதினேன். ஜோபினின் சித்தப்பா அவள் கழுத்தெலும்புக்குக் கீழே மேட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார். நோயாளியின் உடலில் மின்தூண்டல் கருவி பொருத்தப்பட்டுள்ளது, இயல்பான மணவாழ்க்கைக்குத் தடையில்லை. இதயம் என்ற சொல் அதில் இல்லை. ஒரு வார்த்தையும் பொய் இல்லை. படித்தவர்கள் இதயம் என்றே படிப்பார்கள் என்று தெரிந்து எழுதினேன். ஹார்ட் என்றால் பாவம் என்பார்கள், தலை என்றால் எழுந்து போவார்கள். இது நமக்குப் புதிதில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் சமையலறையில் உன்னையும் பிடித்துச் சொன்னேன், ஜோபின் கேட்டால் ஹார்ட் என்று சொல்லிவிடு என்று. அம்மச்சி, அப்புறம் யார் அவனிடம் சொல்வது என்று கேட்டாய். ஒரு குழந்தை பிறந்துவிட்டால் எல்லாம் மறந்துவிடும் என்றேன். கையில் மீன் பொரிக்கும் கரண்டி. நினைவிருக்கிறதா. எனக்கு இருக்கிறது.

ஞாயிறு காலையே கருவிகளை எடுத்துக்கொண்டு காரில் கிளம்பினேன். குஞ்ஞம்மா வழியெல்லாம் ஒரே பேச்சு. "சேச்சி, சத்தமில்லாம ஆன் பண்ணிட்டு வந்துடு. ஹார்ட் செக்கப்புன்னு சொல்லிக்கலாம். ஒரு நிமிஷ வேலைதானே." ஒரு நிமிட வேலைதான். அதுதான் பயமாக இருந்தது.

அறைக்கு வெளியே மறியக்குட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க டாக்டரே. நாலு நாளா பைப்ப மூடல. எங்க கிணறா இருந்தா இதுக்குள்ள வத்திப்போயிருக்கும். ஹார்ட்டுக்கும் சோப்புக்கும் என்ன சம்பந்தம்னு நீங்கதான் சொல்லித் தரணும்" என்றார். ஜோபின் அவரை அடக்கினான். அவன் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. "ஆன்ட்டி, ஹார்ட் சரியா அடிக்கலேன்னா மூளைக்கு ரத்தம் போகாதாம். நெட்ல பார்த்தேன். அதனாலதான் இப்படிப் பண்றா. புதன்கிழமை கோட்டயத்துல பெரிய ஹார்ட் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன், ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு. நல்லதுதானே" என்றான். நல்லதுதான் என்று என் வாய் சொன்னது. அங்கே நுழைந்தவுடன் என்னென்ன பரிசோதனை எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்றிரண்டு இந்தக் கம்பிகள் இருக்கும் தலைக்கு ஆகவே ஆகாது. அந்தத் தாளில் நான் எழுதாமல் விட்ட ஒரு சொல், புதன்கிழமை அவளைக் கொல்லும்.

உள்ளே லிஷா கழுவும் தொட்டியின் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளும் காற்றில். தோல் உரிந்து சிவந்து, விரல் மடங்கவில்லை. பால் கட்டி நெஞ்சு நனைந்திருந்தது. பன்னிரண்டு நாளாகக் குழந்தையைத் தொடவில்லை. நான் ஓர் அடி வைத்ததும், "பேரம்மா, பக்கத்துல வராதீங்க. என்னைத் தொட்டா அப்புறம் பாப்பாவைத் தொடுவீங்க. அது செத்துரும்" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல. மின்சாரத்தை நிறுத்தினால் நோய் திரும்புவது மட்டுமில்லை, நோயாளி அதைவிடக் கீழே போய்விடுவதும் உண்டு. ராத்திரியில் மொட்டை மாடிக்கு எப்படிப் போவது என்று நர்ஸிடம் கேட்டிருக்கிறாள். நர்ஸ், துணி காயப் போடவாக்கும் என்று நினைத்து வழி சொல்லியிருக்கிறாள்.

எல்லோரையும் வெளியே அனுப்பினேன். கையுறை இரண்டு ஜோடி போட்டுக்கொண்டேன், அவளுக்காக. கருவியை அவள் கழுத்தெலும்பின் கீழ் வைத்தேன். திரையில் வந்தது, நிறுத்தப்பட்டுள்ளது என்று. நிறுத்தியது யார் என்று அதில் வராது. ஆன் செய்தேன். பழைய அளவுக்கு ஒரேயடியாகப் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். கழுவும் ஆசை போக நாள் ஆகும், முதலில் பயம்தான் இறங்கும். இருபது நிமிடம். பிறகு அவளே குழாயை மூடினாள். கட்டிலில் உட்கார்ந்து மூச்சு விட்டாள். நான் சொன்னேன், ஜோபினிடம் சொல்ல வேண்டும், புதன்கிழமை ஆம்புலன்ஸ் வருகிறது. "நீங்க எழுதிக் குடுத்த காகிதத்தை நம்பித்தானே கட்டினாங்க. இப்ப அதை நீங்களே கிழிச்சா நான் எங்க போறது? எங்க வீட்டுக்கா? அந்தப் பாத்ரூமுக்கா?" என்றாள். அவள் ரகசியம் அவளுடையது, அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றேன். பொய் என்னுடையது, அதை நான் சொல்லியாக வேண்டும் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் பேரம்மா" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. புதன்கிழமை காலை வரை நேரம் கேட்டாள். கொடுத்தேன். என்னுடைய அறுவைகளை எல்லாம் மாதவிடம் தள்ளிவிட்டு, மூன்று நாள் அந்த ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு லாட்ஜில் இருந்தேன். அவள் சொல்லவில்லை என்றால் ஆம்புலன்ஸின் முன்னால் நான் நின்றாக வேண்டும், டாக்டராகவா பெரியம்மாவாகவா என்று தெரியாமல். மொட்டை மாடிக் கதவைப் பூட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ன எழுதுவது என்று ஐந்து நிமிடம் நின்றேன்.

புதன்கிழமை எட்டு மணிக்கு ஜோபின் சவரம் செய்துகொண்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பையில் புட்டும் பழமுமாக வந்தான். பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று. ஆம்புலன்ஸ் கீழே வந்துவிட்டது என்றான். நான் எழுந்தேன். லிஷா என்னைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பிடித்தாள். தானாக ஒருவரைத் தொட்டது எத்தனை நாளைக்குப் பிறகு. அந்தக் கையைத் தன் கழுத்தில் வைத்து, கம்பி போகும் வழியே மேலே நகர்த்தி, காதின் பின்னால் கொண்டுபோய், முடிக்குள் நுழைத்து, மண்டையில் அந்த மேட்டின் மேல் வைத்தாள். "இங்கதான் போகுது. ஹார்ட்டுக்கு இல்ல. எனக்குக் கைகழுவுற வியாதி. மனசு வியாதி. கல்யாணத்துக்கு முன்னாடியே" என்றாள். அவன் கையை எடுக்கவில்லை. கீழே ஆம்புலன்ஸ்காரர் ஹாரன் அடித்தார். இரண்டு முறை.

பிறகு என் பக்கம் திரும்பி, "யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டான். சொன்னேன். நான், அப்பச்சன், குஞ்ஞம்மா, அவள் கணவர், எபின். "எபினுக்குமா?" என்றான். ஆமாம் என்றேன். சிரித்தான், நல்ல சிரிப்பில்லை. "கல்யாணத்தன்னிக்கு மச்சான் முறை கொண்டாடி என் தோள்ல கை போட்டு, அளியா, ஹார்ட் மட்டும்தான், மத்தபடி பொண்ணு முதல் தரம்னு சொன்னான். ரெண்டு வருஷமா அவளை ஒரு குடம் தூக்க விடல நான். மாடிப்படி ஏற விடல. என்னைப் பார்த்து எத்தனை பேர் சிரிச்சிருப்பீங்க." யாரும் சிரிக்கவில்லை என்றேன். "அது இன்னும் மோசம் ஆன்ட்டி" என்றான். பையைக் கட்டிலில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பியது அவன்தான், அதைச் சொல்ல வேண்டும். அதன் பிறகு வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் இல்லை. போனை எடுக்கவில்லை.

குஞ்ஞம்மா என்னோடு பேசுவதில்லை. ஒரு நிமிட வேலையை ஊர் வேலை ஆக்கிவிட்டேன் என்கிறாள். மறியக்குட்டி மறுநாள் கஞ்சிப் பாத்திரத்தோடு வந்து நின்றபோது எனக்கே நம்ப முடியவில்லை. என்னிடம், "நீங்க படிச்சவங்க. படிச்சவங்க பொய் சொன்னா எங்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. அதை நினைச்சுக்கோங்க" என்றார். லிஷாவிடம் திரும்பி, "இந்தா, குடி. சூடு ஆறுது. நான் கை கழுவிட்டுத்தான் கொண்டாந்தேன், நாலு தடவை" என்றார். குத்தலா, வேடிக்கையா என்று தெரியவில்லை. லிஷா குடித்தாள். வெள்ளிக்கிழமை இன்குபேட்டரின் துவாரத்தில் கையை விட்டு ஒரு விரலால் குழந்தையின் பாதத்தைத் தொட்டாள். உடனே எடுத்துக்கொண்டாள். மறுபடியும் விட்டாள். நர்ஸ் கழுவணுமா சேச்சி என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்து, வேண்டாம் என்றாளாம். அன்று மாலைதான் நான் திரும்பினேன். வந்ததும் அந்தப் பழைய சான்றை ரத்து செய்து சரியான சான்று எழுதினேன், மூளை என்ற சொல்லோடு. நான் செய்தது என்ன என்று ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மாதவ் வேண்டாம் என்றான், மேடம் இன்னும் மூணு வருஷம்தானே சர்வீஸ், எதுக்கு என்றான். செப்டம்பரில் ஒரு மாநாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சிரிப்புப் படத்தைப் போடப்போவதில்லை. காந்தத்தைப் பற்றிப் பேசுவேன், அவள் சம்மதித்தால். கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றாள்.

இங்கே நிறுத்தி அப்பச்சனுக்குச் சோறு போடப் போனேன். அதற்குள் ஜோபினிடமிருந்து போன். ஏழு நாள் கழித்து. ஹலோ இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. "ஆன்ட்டி, பெட்டி நின்னுபோனா எத்தனை நாள்ல வெளிய தெரியும்?" என்றான். சிலருக்கு ஒரே நாளில், லிஷாவுக்கு மூன்று நான்கு நாளில் என்றேன். அவன் எழுதிக்கொள்வது கேட்டது. "அந்தக் கைக்கருவி எங்க இருக்கு?" என்றான். குஞ்ஞம்மா வீட்டு அலமாரியில் என்றேன். நாளைக்கு வந்து வாங்கிக்கறேன், எப்படிப் பார்க்கறதுன்னு நீங்க காட்டணும் என்றான். பேட்டரி எவ்வளவு காலம் வரும், மாற்றும்போது மயக்கம் கொடுப்பார்களா, குழந்தைக்கு இந்த வியாதி வருமா என்று வரிசையாகக் கேட்டான். தெரிந்ததைச் சொன்னேன். கடைசிக் கேள்விக்குத் தெரியாது என்றேன். முதல்முறையாக அவனிடம் ஒரு முழு உண்மை. பிறகு, "உங்களை நான் மன்னிக்கல ஆன்ட்டி. அது வேற" என்றான். சரி மோனே என்றேன். இப்போது அவளிடம்தான் போகிறாயா என்று கேட்கப் போனேன், கேட்கவில்லை. பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, ரொம்பப் பக்கத்தில்.

ஞாயிற்றுக்கிழமை உன்னை அழைக்கப்போவதாகச் சொன்னான். அம்மச்சி சொல்லச் சொன்னார்கள் என்று தயவுசெய்து சொல்லாதே. அது உண்மைதான், இருந்தாலும் சொல்லாதே. பொய் சொன்னேன் அளியா என்று மட்டும் சொல், பிறகு அவன் எவ்வளவு திட்டினாலும் போனை வைக்காமல் கேள். லிஷாவுக்கும் எழுது. உடம்பு எப்படி என்று எழுதாதே, மனசு எப்படி என்று கேட்டு எழுது. நமக்குப் பழக்கமில்லை, பழகுவோம்.

வெளியே போகும்போது தொப்பி மறக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் வாயையும் காக்கட்டும். அப்பச்சன் முத்தம் சொல்லச் சொன்னார்.

உன்னைப் பொய்க்குக் கூட்டுச் சேர்த்ததற்கு வருந்தும்,
உன் அம்மச்சி
ஏலியாம்மா ஈப்பன்